கரை கரையாதிருக்க

மயிலாப்பூரில் எங்கள் இல்லத்திற்கும் பக்கத்து இல்லத்திற்குமாக ஒரு கண்காட்சியில் அரக்குச் சிவப்புக் கரையிட்ட வெள்ளைத் துண்டுகள் நான்கு வாங்கினோம். எங்களுக்கு இரண்டு, அவர்களுக்கு இரண்டு. நான்கும் ஒரே பாவில் நெய்தவை. கரை நூலும் ஒரே தொட்டியில் சாயமேறியது என்று விற்றவர் கூறினார். நல்ல துணிக்கு நல்ல தண்ணீர் வேண்டுமென்று கருதிய என் மனைவியார், மாடியிலிருந்து இறங்கிய மழைநீரைப் பிடித்து, அதில் எங்கள் துண்டுகளை ஊறவைத்தார். அரைமணி நேரத்தில் தண்ணீர் சிவந்தது. வெள்ளைப் பகுதி எங்கும் ரோஜா நிறம் படர்ந்தது. பக்கத்து வீட்டு அம்மையாரோ உப்புக் கரிக்கும் ஆழ்குழாய்த் தண்ணீரில் தம் துண்டுகளை நனைத்தார். அவற்றில் சாயம் அநேகமாக இறங்கவேயில்லை.

யாவரும் எதிர்பார்ப்பதற்கு இது நேர்மாறானதன்றோ? சாயம் இறங்கினால் வாங்கியவர் நெசவாளரைக் குறை கூறுவார். நெசவாளர் சாயப்பட்டறையைக் கூறுவார். சாயப்பட்டறைக்காரர் வாங்கியவர் வீட்டுத் தண்ணீரின்மேல் பழியைப் போடுவார். இவ்வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதைத் தீர்க்க வேண்டுமானால், ஒரு பொருள் மற்றொன்றில் கரைவது என்றால் என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளல் வேண்டும். நம் அங்கத்தினர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. விற்பனை நிலையத்திலிருந்து திரும்பிவரும் சரக்கின் நட்டத்தைச் சங்கத்தின் அங்கத்தினர் யாவருமே சுமக்கின்றனர்.

ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பை இட்டுக் கலக்குகிறோம். உப்பு கண்ணுக்கு மறைகிறது. தண்ணீர் இங்கே கரைப்பான், உப்பு கரைபொருள், இரண்டும் சேர்ந்தது கரைசல். மறைந்த உப்பு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. தம்ளரை நிறுத்துப் பார்த்தால் உப்பின் எடை அப்படியே கூடியிருக்கும். தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்தால் இட்ட உப்பு முழுவதும் அடியில் தங்கும். இதை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். கட்டுரையின் இறுதியில் இது நமக்குத் தேவைப்படும்.

தண்ணீரின் மூலக்கூறு ஒன்றில் ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. அவை நேர்கோட்டில் அமையாமல், கவைக்கோலைப் போல வளைந்து அமைந்திருப்பதால், ஆக்சிஜன் உள்ள பக்கம் சிறிதளவு எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் உள்ள பக்கம் சிறிதளவு நேர்மின் தன்மையும் பெறுகின்றன. உப்போ நேர்மின் கொண்ட சோடியம் அயனிகளும் எதிர்மின் கொண்ட குளோரைடு அயனிகளும் மாறி மாறி அடுக்கிய படிகம். உப்பைத் தண்ணீரில் இட்டவுடன் தண்ணீர் மூலக்கூறுகள் தம் எதிர்மின் முகத்தால் சோடியத்தையும், நேர்மின் முகத்தால் குளோரைடையும் பற்றி இழுத்து, ஒவ்வோர் அயனியையும் தனித்தனியே சூழ்ந்துகொண்டு கொண்டுபோய்விடுகின்றன. சர்க்கரையில் இத்தகைய அயனிகள் இல்லை. ஆயினும் அதன் மூலக்கூறு முழுதும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கைகள் நீண்டிருப்பதால், தண்ணீர் அக்கைகளைப் பற்றிக்கொள்கிறது.

ஆகவே கரைதல் என்பது ஓர் இழுபறி. கரைபொருளின் துகள்கள் தம்முள் பற்றிக்கொண்டிருக்கும் பிடி ஒருபுறம். கரைப்பானின் மூலக்கூறுகள் தம்முள் பற்றியிருக்கும் பிடி மற்றொருபுறம். இவ்விரண்டையும் நெகிழ்த்திப் புதுப் பிடி ஏற்பட வேண்டும். நெகிழ்த்துவதற்கு வெப்பம் செலவாகும். புதுப் பிடி ஏற்படுகையில் வெப்பம் வெளிப்படும். வரவைக் காட்டிலும் செலவு மிகுந்தால் கரைசல் குளிர்ந்துவிடும். யூரியாவை வாளித் தண்ணீரில் கரைத்த விவசாயி எவரும் கை சில்லிடுவதை அறிவர். காஸ்டிக் சோடாவைக் கரைக்கும் சாயப்பட்டறைத் தொழிலாளி இதற்கு எதிரிடையானதை, சில சமயம் கையைச் சுட்டுக்கொண்டு, அறிந்திருப்பார்.

கரைவதற்கு ஓர் எல்லையும் உண்டு. 100 கிராம் தண்ணீர், நம் ஊர் வெப்பநிலையில், சுமார் 36 கிராம் உப்பையே ஏற்கும். சர்க்கரையாயின் 200 கிராமுக்கும் மேல். சூடாக்கினால் சர்க்கரை இன்னும் மிகுதியாகக் கரையும். உப்பு அதிகம் மாறுவதில்லை. நீற்றிய சுண்ணாம்போ சூடான தண்ணீரில் குறைவாகவே கரைகிறது. சூடேற்றினால் எல்லாம் நன்கு கரையும் என்னும் எண்ணம் பொதுவிதி அன்று.

தண்ணீரோடு சேராத பொருள்களும் உண்டு. எண்ணெய், மெழுகு, பிசின், மஞ்சளின் நிறப்பொருள் ஆகியவற்றில் தண்ணீர் பற்றுவதற்கான கைகள் இல்லை, அல்லது போதியவாறு இல்லை. மயிலாப்பூரில் ரசம் வைக்கும் பாட்டியம்மாள் புளியைத் தண்ணீரில் கரைப்பார். பெருங்காயத்தை நெய்யில் பொரிப்பார். வேதியியல் நூல் எதையும் பாராமலே எது எதில் இறங்கும் என்பதை அவர் தெளிவாக அறிவார். தியாகராய நகரில் வாங்கிய பட்டுப்புடவையில் எண்ணெய்க் கறை பட்டால் அதை உலர் சலவைக்கு அனுப்புகிறோம். உலர் சலவை என்பது பெயரளவிலே உலர்ந்தது. துணி அங்கே நன்றாகவே நனைகிறது, தண்ணீரில் அன்று, எண்ணெயைக் கரைக்கும் பெட்ரோலிய வகைத் திரவத்திலோ அதைப் போன்ற வேறொன்றிலோ. இனம் இனத்தோடு சேரும் என்னும் பேச்சு இவ்விடத்தில் முழுப் பொருத்தம் உடையது.

இனிச் சாயத்திற்கு வருவோம். சர்க்கரைத் தண்ணீரில் இருவர்தாம். சாயத்தொட்டியிலோ தண்ணீர், சாயம், நூல் என மூவர். சாயம் தண்ணீரில் கரைந்தாலன்றி நூலின் உட்புறம் செல்ல இயலாது. ஆனால் கரைந்தவாறே உள்ளே இருந்துவிட்டால், தண்ணீர் வழியே வந்தது தண்ணீர் வழியே திரும்பிவிடும். உள்ளே செல்லும்வரை கரைய வேண்டும், சென்றபின் கரையலாகாது. சாயத்தொழிலின் சாமர்த்தியம் அனைத்தும் இவ்விரண்டு முரணான நிபந்தனைகளை நிறைவேற்றுவதிலே அடங்கியுள்ளது. தமிழில் துணியின் ஓரத்திற்கும் கரை என்றே பெயர் வாய்த்திருப்பது வேடிக்கையே.

இதில் தவறியதனால் உலகப் புகழ் பெற்ற துணியும் உண்டு. சென்னையின் பெயரால் 'மெட்ராஸ்' என வழங்கிய கட்டம்போட்ட பருத்தித் துணி, 1950களின் இறுதியில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயிற்று. வாங்கியவர்கள் சலவை இயந்திரத்தில் இட்டவுடன் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தோடின. புகார்கள் எழுந்தன. விளம்பரக்காரர்கள் அந்தக் குறையையே பெருமையாக மாற்றி, சாயம் போவது உறுதி என்று விளம்பரம் செய்து விற்றதாகச் சொல்வர். அத்தகைய அதிருஷ்டம் நம் சங்கங்களுக்கு வாய்க்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

முன்னாளில் நம் நாட்டார் இந்நிபந்தனைகளை எவ்வாறு நிறைவேற்றினர் என்பதை அவுரியில் காணலாம். விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தைச் சுற்றியுள்ள பகுதியில் இன்றும் அவுரி பயிராகிறது. இலையில் நீலம் நீலமாக இருப்பதில்லை. சர்க்கரை வகையான குளுக்கோஸோடு பிணைந்த நிறமற்ற ஒரு பொருளாக இருக்கிறது. அந்தச் சர்க்கரைப் பகுதியின் கைகளைத் தண்ணீர் பற்றிக்கொள்வதால், அறுத்த செடியைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்தால் அப்பொருள் முழுவதும் இறங்கிவிடுகிறது. இலையிலேயே உள்ள நொதி சர்க்கரைப் பகுதியை வெட்டிவிடுகிறது. பின்னர் சக்கையை நீக்கி, தண்ணீரைத் துடுப்பாலோ காலாலோ அடித்துக் கலக்குகின்றனர். காற்றிலுள்ள ஆக்சிஜன் கலந்ததும், மஞ்சள் கலந்த பச்சையாய் இருந்த தண்ணீர் நீலமாக மாறி, நீலம் துகள் துகளாய் அடியில் படிகிறது. ஏன் படிகிறது? நீலத்தின் மூலக்கூறு தட்டையானது. ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி அடுக்கி, தம்முள் இறுகப் பற்றிக்கொள்கிறது. தண்ணீர் நுழைய இடமில்லை. அதை வடித்து, காய்ச்சி, வில்லைகளாக உலர்த்துகின்றனர்.

விவசாயியின் வேலை இங்கே முடிந்து, சாயக்காரரின் தொல்லை தொடங்குகிறது. தண்ணீரில் கரையாத இவ்வில்லையை நூலில் ஏற்றுவது எப்படி? மீண்டும் கரையச் செய்தல் வேண்டும். சுண்ணாம்பும் தகரை விதையும் இட்டுத் தாழியில் பல நாள் புளிக்கவைப்பது பழைய முறை. நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைக் கவர்ந்துகொள்ள, நீலம் நிறமிழந்து வேறுருக் கொள்கிறது. சுண்ணாம்பின் காரத்தால் மின்னேற்றம் பெற்றுத் தண்ணீரில் கரைகிறது. இன்றைய பட்டறையில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசல்பைட்டும் இவ்வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கின்றன. தாழியில் முக்கி எடுத்த சிட்டம் முதலில் மஞ்சள் கலந்த பச்சையாக வெளிவரும். காற்றுப் பட்டதும் நம் கண்முன்னே நீலமாகும். நூலின் உள்ளே நுழைந்த கரைபொருள், அங்கேயே மறுபடி கரையாப் பொருளாகிச் சிறைப்பட்டுவிட்டது. ஆழ்ந்த நிறம் வேண்டுமாயின் பலமுறை முக்கி முக்கிக் காற்றாட விடுவர். நீலம் உராய்ந்தால் சிறிது உதிரும். தண்ணீரில் கரைந்து ஓடாது. 1897இல் ஜெர்மனியில் ஆலை நீலம் விற்பனைக்கு வந்தபின் நம் நாட்டு அவுரி வயல்கள் பெரும்பாலும் மறைந்தன. ஆலை நீலமானாலும் இலை நீலமானாலும் தாழியின் விதி ஒன்றே.

கலம்காரித் துணியின் கறுப்பும் இவ்வழிப்பட்டதே. கடுக்காய்ச் சாறு தண்ணீரில் கரைந்தது. வெல்லத் தண்ணீரில் துருப்பிடித்த இரும்பை ஊறவைத்து எடுத்த நீரும் கரைசலே. முன்னதைத் துணியில் ஊட்டி, பின்னதைக் கோலால் தீட்டினால், இரண்டும் இழையினுள்ளே சந்தித்துக் கரையாத கறுப்பாகின்றன. அடையாறில் 1936இல் ருக்மிணி தேவி தோற்றுவித்த கலாக்ஷேத்ரம் மறு ஆண்டே நெசவையும் மேற்கொண்டது. 1978இல் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் தூண்டுதலால் கலம்காரிப் பிரிவும் ஏற்பட்டது. தென்சென்னைக் கடற்கரையோரத்தில், நடனத்திற்குப் பெயர் பெற்ற ஒரு நிலையத்தில், கடுக்காயும் இரும்பும் சந்திக்கும் இப்பாடமும் நடந்தேறியது.

இன்று நம் சங்கங்களில் மிகுதியாக வழங்குபவை வேறு வகைச் சாயங்கள். 1956இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தவற்றின் வழிவந்த இவற்றை ரியாக்டிவ் சாயம் என்கிறோம். இவற்றில் சாயம் கரையாப் பொருளாக மாறுவதில்லை. பருத்தி இழையோடு நேரே வேதியியல் பிணைப்புக் கொள்கிறது. பிணைந்துவிட்டால் எத்தண்ணீராலும் பிரிக்க முடியாது. ஆயினும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, உப்பு. பருத்தி தண்ணீரில் நனைந்தால் சிறிதளவு எதிர்மின் தன்மை பெறுகிறது. சாயத்தின் மூலக்கூறும் எதிர்மின் கொண்டது. அதனாலேயே அது நன்கு கரைகிறது. ஒத்த மின்கள் ஒன்றையொன்று தள்ளும். தொட்டியில் உப்பை இட்டால், சோடியம் அயனிகள் இரண்டிற்கும் இடையே திரண்டு, அத்தள்ளுதலைத் தணிக்கின்றன. அதே சமயம் தண்ணீரில் சாயத்திற்குள்ள இடமும் நெருக்கடியாகிறது. சாயம் தண்ணீரை விட்டு நூலை நாடுகிறது. பின்னர் சோடாவை இட்டதும் பிணைப்பு நிகழ்கிறது.

இரண்டாவது, பிணையாத மிச்சம். சோடா இட்டதும் சாயத்தில் ஒரு பகுதி, நூலோடு சேர்வதற்குப் பதிலாகத் தண்ணீரோடே சேர்ந்து தன் ஆற்றலை இழந்துவிடுகிறது. சாயத்தின் வகையையும் வேலையின் நேர்த்தியையும் பொறுத்து, இது ஐந்தில் ஒரு பங்கும் ஆகலாம், மூன்றில் ஒரு பங்கும் ஆகலாம். இனி இதனால் பிணைய முடியாது. ஆயினும் உப்பின் தூண்டுதலால் நூலின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்வைக்கு நூல் முழுவதும் நன்றாகச் சாயமேறியது போன்றே தோன்றும். இம்மிச்சத்தை நீக்குவதற்காகவே சாயமிட்டபின் பலமுறை அலசுவதும், கொதிநிலைக்கு அருகில் சோப்புத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் வேகவைப்பதும். விறகும் நேரமும் தண்ணீரும் மிச்சப்படுத்துவதாக எண்ணி இந்த வேலையைக் குறைப்பவர், சாயத்தை மிச்சமாக நூலிலேயே விட்டுவிடுகிறார்.

இப்போது மயிலாப்பூர்த் துண்டுகளின் புதிர் அவிழ்கிறது. பக்கத்து வீட்டுக் குழாய்த் தண்ணீரில் உப்பு உண்டு. தொட்டியில் சாயத்தை நூலோடு ஒட்டவைத்த அதே உப்பு, அவர்கள் வீட்டு வாளியிலும் பிணையாத மிச்சத்தை நூலைவிட்டு இறங்கவொட்டாமல் தடுத்தது. மழைநீரில் உப்பு அநேகமாக இல்லை. தடுப்பார் இல்லாமையால் மிச்சமெல்லாம் தாராளமாகக் கரைந்து இறங்கிற்று. எனவே மழைநீர் துணியைக் கெடுக்கவில்லை. முன்பே இருந்த குறையை வெளிப்படுத்தியது. அந்த அம்மையாரின் துண்டிலும் மிச்சச் சாயம் அப்படியே உள்ளது. ஊர் மாறித் தண்ணீர் மாறினால் ஒருநாள் இறங்கும். பட்டறையில் அலசியதும் உப்புத் தண்ணீரிலேதான் என்று ஊகிக்க இடமுண்டு. அங்கே அலசிய தண்ணீர் தெளிவாகத் தோன்றியிருக்கும். வேலை முடிந்ததென்று நினைத்திருப்பார்கள். அவர்களை ஏமாற்றியது அவர்கள் கிணறே.

அத்தகைய கிணறுகள் கடற்கரைப் பகுதிகளில் ஏராளம். அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பகுதிகளில் மணற்பரப்பின் கீழே, மழையால் ஊறிய நல்ல தண்ணீர், கனமான கடல்நீரின்மேல் மிதக்கிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புக் கரைந்திருப்பதாலேயே கடல்நீருக்கு அக்கனம். கடல்மட்டத்திற்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நல்ல தண்ணீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஒரு மீட்டரை இறைத்துவிட்டால், கீழிருந்து உப்புநீர் எவ்வளவு ஏறும் என்பதை அங்கத்தினர்களே கணக்கிடலாம். 1987இல் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்ததற்கும், 2003இல் தமிழகமெங்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதற்கும் நிலத்தடி நீருக்கு நேர்ந்த இந்நெருக்கடியே காரணம்.

உப்போடு கால்சியமும் மெக்னீசியமும் கலந்த கடினநீரில் மற்றொரு தொல்லையும் சேரும். சோப்பு, ஒரு முனையால் தண்ணீரையும் மறுமுனையால் எண்ணெயையும் பற்றும் இரட்டைக் குணம் கொண்டது. கால்சியம் அதன் தண்ணீர்ப் பக்க முனையைப் பிடித்துக்கொண்டால் அது கரையாத திப்பியாகி நூலில் படியும். நுரை வராத தண்ணீரில் சோப்பைக் கூட்டுவதால் திப்பிதான் கூடும்.

ஆகவே சாயப்பட்டறை வைத்துள்ள சங்கங்கள் தண்ணீரைச் சோதித்தல் வேண்டும். கரைந்துள்ள உப்பின் மொத்த அளவைக் காட்டும் பேனா போன்ற சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. கடைசி அலசலுக்கும் அந்த எல்லையை வைத்துக்கொண்டால் பெரும் பிழை நேராது. கூரை மழைநீரைத் தொட்டியில் சேர்த்துச் சோப்பு வேலைக்கும் கடைசி அலசலுக்கும் மட்டும் ஒதுக்குவது நன்று. முதலில் குளிர்ந்த தண்ணீரில் இரண்டுமுறை அலசி உப்பைப் போக்கிய பின்னரே சூடான சோப்புத் தண்ணீரில் இடவேண்டும். உப்போடு வேகவைத்தால் மிச்சச் சாயம் விடாது. சரக்கை அனுப்புமுன், நூலில் ஒரு பிடியை வெள்ளைத் துணித்துண்டோடு தைத்து, மழைநீரில் சோப்புக் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் அரைமணி ஊறவைத்துப் பார்க்கலாம். சோதனைச்சாலைகளில் வெள்ளைத் துணியில் ஏறிய கறையை ஒன்று முதல் ஐந்துவரை தரமிடுவர்; ஐந்து என்றால் கறையே இல்லை. நம் கண்ணுக்கு வெள்ளை வெள்ளையாகவே தோன்றினால் சரக்கை அனுப்பலாம். உப்புக் கிணற்று நீரில் இச்சோதனையைச் செய்வது வீண்.

இதுவரை கூறியது நெசவாளர் பங்கு. விவசாய அங்கத்தினர்கள் கேட்கக்கூடும்: அலசி வெளியே கொட்டிய உப்பு எங்கே போயிற்று என்று. ஆழ்ந்த நிறத்திற்குத் தொட்டியில் லிட்டருக்கு 60 கிராம் உப்பு இடுவதாகக் கொள்வோம். ஒரு கிலோ நூலுக்கு 20 லிட்டர் தண்ணீர் என்றால், உப்பு 1,200 கிராம் ஆகிறது. அதில் நூலோடு நிலைத்துத் தங்குவது ஏதுமில்லை. அதாவது ஒரு கிலோ நூலுக்கு ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட உப்பு வாய்க்காலுக்குப் போகிறது. சாயத்தைச் சுண்ணாம்பும் படிகாரமும் இட்டுப் பெரும்பாலும் படியவைத்து நீக்கலாம், தண்ணீர் தெளிந்துவிடும். உப்போ கரைந்தே இருக்கும். மணலில் வடித்தாலும் துணியில் வடித்தாலும் அது தங்காது.

நொய்யலில் நடந்தது இதுதான். பாசனத்திற்கென 1992இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு நீர் தேங்கிற்று. எந்த அணையின் தண்ணீருக்காக விவசாயிகள் காத்திருந்தார்களோ, அந்தத் தண்ணீரே அவர்கள் வயலுக்குக் கேடாயிற்று. சோடியம் மிகுந்தால் களிமண் துகள்களில் உள்ள கால்சியத்தை அது வெளியேற்றி அவ்விடத்தில் அமர்ந்துகொள்ளும். மண் உப்பி, கண் அடைத்து, தண்ணீர் இறங்காமற் போகும். ஜிப்சம் இடுவது இதற்கு மாற்று. ஜிப்சம் லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிராமே கரையக்கூடியது. அந்தச் சிறு கரைவே கால்சியத்தை மெதுவாக மண்ணுக்கு அளித்துச் சோடியத்தை வெளியேற்றப் போதுமானது. ஆனால் வெளியேறிய சோடியத்தைக் கழுவிச் செல்ல நல்ல தண்ணீர் வேண்டும். நொய்யல் கரையில் அதுவே அரிதாயிற்று. விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலை வரும்வரை திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையின்றி நின்றனர். அடையாறில் 1948இல் அமைந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், தோலை உப்பிட்டுப் பதப்படுத்துவதைக் குறைக்க வழி தேடிவருவதும் இத்தகைய உப்பைப் பற்றிய கவலையாலேயே.

உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதற்கு இரண்டு வழிகளே நடைமுறையில் உள்ளன. மிக நுண்ணிய சவ்வின் வழியே தண்ணீரைப் பலத்த அழுத்தத்தில் தள்ளி உப்பைப் பின்னே நிறுத்துவது ஒன்று. காய்ச்சி ஆவியாக்குவது மற்றொன்று. இரண்டிலும் மின்சாரமோ விறகோ மிகுதியாகச் செலவாகும். தனி நெசவாளரால் ஆகக்கூடியதன்று; பல பட்டறைகள் சேர்ந்து அமைத்த பொது நிலையங்களாலேயே திருப்பூரில் இயன்றது. அங்கே சவ்வைத் தாண்டிய தெளிந்த தண்ணீர் மீண்டும் பட்டறைக்குச் செல்கிறது. பின்தங்கிய உப்புக் கரைசலையும் சில நிலையங்கள் சுத்திசெய்து பட்டறைக்கே திருப்பி அனுப்புகின்றன. அடுத்த தொட்டிச் சாயத்தை நூலில் ஏற்றுவதும் அந்த உப்பே.